டார்ச்சின் முதுகைப் பாருங்கள்

கோவில்பட்டியில் என் வீட்டுக்காரரும் நானும் எலெக்ட்ரிகல் கடை வைத்து 19 வருஷம் ஆகிறது. வயர், ஸ்விட்ச், ஃபேன் எல்லாம் அவர் பாடு. கல்லாவை ஒட்டிய கண்ணாடி அலமாரி என் பொறுப்பு. டார்ச், செல், சீரியல் செட், எமர்ஜென்சி லைட் எல்லாம் அதில்தான். முழுப் பரீட்சை லீவு விட்டதும் ஒரு கூட்டம் வரும். ஐப்பசி மழை பிடித்து கரண்ட் போக ஆரம்பித்தால் இன்னொரு கூட்டம். இரண்டிலும் ஒரே பேச்சுதான்: "அக்கா, பிள்ளைக்கு ஒரு லைட்டு குடுங்க, விலை கம்மியா."

எடுத்துக் கொடுத்தால் சுவரில் அடித்துப் பார்ப்பார்கள். வெளிச்சம் பளிச்சென்று விழுந்தால் சரி, வாங்கிவிடுவார்கள். இடுப்பில் இருக்கும் பிள்ளை அதற்குள் அதைப் பிடுங்கி வாயில் வைத்திருக்கும். டார்ச்சைத் திருப்பி, செல் போடும் மூடி எப்படி இருக்கிறது என்று பார்த்தவர்களை இத்தனை வருஷத்தில் விரல் விட்டு எண்ணிவிடலாம். நானும் அதைப் பார்க்காமல் விற்றவள்தான், என் அண்ணன் மகன் விஷயம் நடக்கிற வரைக்கும்.

பங்குனித் திருவிழாவுக்குச் செண்பகவல்லி அம்மன் கோயில் பக்கம் போட்டிருந்த கடையில் அவனுக்கு ஒரு விரல் லைட் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். ரப்பர் பட்டையை மோதிரம் மாதிரி விரலில் மாட்டிக்கொள்கிற சின்ன லைட், பத்து ரூபாய். பையனுக்கு அப்போது ரெண்டே முக்கால் வயது. மறுநாள் மத்தியானம் மதினி போன் செய்தாள். "லைட்டு உடஞ்சு கிடக்கு. உள்ள இருந்த பொட்டு மாதிரி பேட்டரி ரெண்டுதான் கிடைச்சுது." அவளுக்கு இரண்டு போதும் என்று தோன்றியிருக்கிறது. அந்த லைட்டை நானும் விற்கிறவள். அதற்குள் மூன்று இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மூன்றாவது எங்கே? "முழுங்கினியா?" என்றால் தலையாட்டுகிறான். "முழுங்கலையே?" என்றாலும் தலையாட்டுகிறான். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. சாயங்காலம் கோரைப்பாயைச் சுருட்டும்போது அந்த மூன்றாவது செல் டிங் என்று தரையில் விழுந்தது. வீணாகத் தொந்தரவு கொடுத்துவிட்டோமே என்று நான் சொன்னதற்கு டாக்டர், "இல்லைன்னு தெரிஞ்சுக்கிறதுக்கு வந்ததுதான் சரி. நாளைக்குப் பாத்துக்கலாம்னு இருந்திருந்தா அதுதான் தப்பு" என்றார்.

அன்றைக்குத்தான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஒரு ரூபாய்க் காசை முழுங்கின பிள்ளைகளை நாம் பார்த்திருக்கிறோம். இரண்டு நாளில் தானாக வெளியே வந்துவிடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள், பெரும்பாலும் வந்தும்விடும். பொட்டு மாதிரியும் காசு மாதிரியும் வட்டமாக இருக்கும் இந்தப் பட்டன் செல்லுக்கு மட்டும் ஏன் இத்தனை பதற்றம்? உள்ளே இருக்கும் மருந்து ஒழுகினால்தானே ஆபத்து, புது செல் ஏன் ஒழுகப் போகிறது? அப்படித்தான் நானும் நினைத்திருந்தேன். ஒழுகவே வேண்டியதில்லை. இதை நீங்களே வீட்டில் செய்து பார்க்கலாம், பிள்ளைகள் தூங்கின பிறகு.

அரை டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் உப்பும் ஒரு சிட்டிகை மஞ்சள்தூளும் போட்டுக் கலக்குங்கள். ஒரு வெள்ளைத் துணியை அதில் நனைத்துப் பிழிந்து, இரண்டு மடிப்புக்கு நடுவில் ஒரு புது சிஆர்2032 செல்லை வையுங்கள். கார் சாவியிலும் எடை மெஷினிலும் போடுகிற, காசு மாதிரி இருக்கிற செல் அது. கொஞ்ச நேரம் விட்டுப் பிரித்தால், செல்லின் மைனஸ் முகம் பட்ட இடம் ஆரத்தித் தட்டு மாதிரி சிவந்திருக்கும். மஞ்சள் ஏன் சிவக்கும் என்று நம் வீட்டுப் பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுண்ணாம்பு பட்டால் சிவக்கும். இங்கே சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது? செல்லிலிருந்து கசியவில்லை. உப்புத் தண்ணீரில் கரண்ட் பாயும்போது மைனஸ் பக்கத்தில் சுண்ணாம்பின் அதே காரத்தன்மை புதிதாக உண்டாகிறது. நம் எச்சிலும் சதையில் ஊறும் நீரும் உப்புத் தண்ணீர்தான். உணவுக்குழாயில் செல் சிக்கினால், சுற்றியிருக்கும் சதைதான் அந்த ஈரத்துணி. இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே ஆழமாகப் புண்ணாக்கிவிடும், ஓட்டையே விழலாம் என்கிறார்கள் டாக்டர்கள். வெற்றிலைச் சுண்ணாம்பு கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

"லைட்டு எரியல, செல் செத்துப் போச்சு, அதனால பயமில்ல" என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வெள்ளை எல்இடி எரிய ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும். செல் 2.6-க்கு இறங்கினாலே வெளிச்சம் மங்கிவிடும், நாம் தூக்கிப் போட்டுவிடுவோம். அப்படிக் கழற்றிப் போட்ட செல்களை மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்திருக்கிறேன். இரண்டரை வோல்ட் காட்டும். மேலே சொன்ன வேலையைச் செய்ய ஒன்றேகால் வோல்ட்டே போதும். டார்ச்சுக்குத்தான் அது செத்த செல்.

எல்லா பட்டன் செல்லும் ஒன்றில்லை. சிஆர்2032 என்ற பெயரிலேயே அளவு இருக்கிறது: 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். 2025, 2016 எல்லாம் அதே அகலம், தடிமன்தான் குறைவு. இந்த 20 மில்லிமீட்டர் ரகம் சின்னப் பிள்ளைகளின் உணவுக்குழாயில் சரியாகச் சிக்கும் அளவு, அதுவும் 3 வோல்ட். இதுதான் எல்லாவற்றிலும் மோசம். விரல் லைட்டிலும் சாவிக்கொத்து லைட்டிலும் இருக்கும் எல்ஆர்41, எல்ஆர்44 சின்னது, 1.5 வோல்ட். வயிற்றுக்குப் போய்விட வாய்ப்பு அதிகம். ஆனால் மூக்குக்குள்ளும் காதுக்குள்ளும் போகிற அளவு அதுதான், அங்கேயும் அதே புண்தான். ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால் சளி மருந்து கொடுத்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். சொட்டு மருந்து எதையும் நீங்களாக விடாதீர்கள்.

சரி, கடைக்கு வருவோம். டார்ச்சைக் கையில் வாங்கியதும் திருப்புங்கள். மூடியில் ஸ்க்ரூ இருக்கிறதா? ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் இல்லாமல் திறக்க முடியாது என்றால் நல்லது. நகத்தால் நெம்பினாலே திறந்துகொள்ளும் மூடியென்றால் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு அது வேண்டாம். ஸ்க்ரூ இல்லாத நல்ல டிசைனும் உண்டு. அமுக்கிக்கொண்டே திருப்ப வேண்டும், இருமல் மருந்து பாட்டில் சிலதில் வருமே, அந்த மாதிரி. ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்வது சின்னக் கைக்கு வராது. அமெரிக்காவில் 2022-இல் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள். ரீஸ் சட்டம் என்று பெயர். ரிமோட்டிலிருந்து விழுந்த பட்டன் செல்லை முழுங்கி 2020-இல் இறந்துபோன ஒன்றரை வயதுக் குழந்தையின் பெயர் அது. பட்டன் செல் மூடி திறக்க ஸ்க்ரூ டிரைவரோ காசோ வேண்டும், இல்லையென்றால் இரண்டு அசைவுகள் ஒன்றாக வேண்டும் என்பதுதான் அங்கே விதி. அதே அளவுகோலை நாம் கல்லாவிலேயே வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது, கடைக்காரரிடம் கேட்டு இடுப்பு உயரத்திலிருந்து இரண்டு மூன்று தடவை கீழே போட்டுப் பாருங்கள். என் கடையில் நானே போட்டுக் காட்டுகிறேன். மூடி தெறித்து செல் உருண்டால் அந்த ஸ்க்ரூவால் என்ன பிரயோசனம்? போட்டுப் பார்க்க விடாத கடைக்காரர் அந்த டார்ச்சைப் பற்றி ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சுவரில் யானை, டைனோசர் படம் காட்டுகிற டார்ச் இப்போது நிறைய ஓடுகிறது. அதெல்லாம் பொம்மைக் கணக்கு. 14 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். பேட்டரி பொம்மை என்றால் முத்திரைக்கு மேலே ஐஎஸ் 15644 என்று இருக்க வேண்டும். கீழே லைசென்ஸ் எண் இருக்கும். ஐஎஸ்ஐ முத்திரை கொடுக்கிற பிஐஎஸ் அமைப்பின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்தக் கம்பெனியுடையது என்று தெரிந்துவிடும். முத்திரையை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

முழுங்கிவிட்டது என்று தெரிந்தாலோ, என் அண்ணன் மகன் மாதிரி சந்தேகம் வந்தாலோ என்ன செய்வது? விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாழைப்பழம், சோற்று உருண்டை எதுவும் கொடுக்காதீர்கள். 108-க்கு அடித்து, பட்டன் செல் என்று தெளிவாகச் சொல்லுங்கள். காசு என்று சொல்லிவிடக் கூடாது. எக்ஸ்ரே எடுத்து, குழாய் விட்டு எடுக்கிற வசதி உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் கடைசியில் அனுப்புவார்கள். எங்கள் ஊருக்கு அது திருநெல்வேலி அல்லது தூத்துக்குடி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி. உங்கள் ஊருக்கு எது என்று இன்றைக்கே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அதே மாதிரி செல்லோ அட்டையோ வீட்டில் இருந்தால் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

எதுவும் கொடுக்காதீர்கள் என்றதற்கு ஒரே விலக்கு தேன், அது நிறையப் பேருக்குத் தெரியாது. ஒரு வயது தாண்டிய பிள்ளை, விழுங்கி 12 மணி நேரத்துக்குள் இருந்து, முழுங்கவும் முடிகிறது என்றால், போகிற வழியில் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இரண்டு டீஸ்பூன் தேன் கொடுக்கலாம், ஆறு தடவை வரை. அந்தக் காரத்தை அது கொஞ்சம் மட்டுப்படுத்தும். ஒரு வயதுக்குக் கீழே தேனே ஆகாது. தேன் தேடிக் கடைக்கு ஓடி நேரத்தைக் கழிக்கவும் கூடாது. வீட்டில் இருந்தால் எடுங்கள், இல்லையென்றால் கிளம்புங்கள். யாரும் பார்க்காதபோது முழுங்கியிருந்தால் அடையாளம் சுலபமாகத் தெரியாது. எச்சில் ஒழுகுவது, சாப்பாட்டை ஒதுக்குவது, இருமல், மூச்சில் ஒரு சத்தம், இப்படிச் சாதாரணச் சளி மாதிரிதான் இருக்கும்.

பட்டன் செல்லை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் பயமில்லை என்று நினைக்காதீர்கள். என் அலமாரியில் நான் ரொம்ப நாள் விற்று, பிறகு நிறுத்திய சாமான் ஒன்று உண்டு. டார்ச்சின் பின்னாலேயே இரண்டு பின் இருக்கும். வெளியே தள்ளி நேராக பிளக்கில் சொருகிவிடலாம், வயரே வேண்டாம். வசதிதான். ஆனால் அந்த மலிவு ரகங்களில் பலவற்றைப் பிரித்துப் பார்த்தால் டிரான்ஸ்ஃபார்மர் எதுவும் இருக்காது. ஒரு கெபாசிட்டர், நாலு டையோடு, அவ்வளவுதான். வீட்டு 230 வோல்ட்டுக்கும் உள்ளே இருக்கும் எல்இடி தகட்டுக்கும் நடுவில் தடுப்பு இல்லை. சார்ஜ் ஏறும்போது கண்ணாடி உடைந்த இடத்தில் டெஸ்டரை வைத்தால் டெஸ்டர் எரியும். பிளக்கிலிருந்து உருவின பிறகும் கெபாசிட்டரில் கரண்ட் நிற்கும். ஒரு தடவை சார்ஜ் போட்டு எடுத்து, பின் மேல் கை பட்டு, டார்ச்சைத் தூக்கி எறிந்தேன். என் வீட்டுக்காரர் சிரித்தார். அப்புறம் அவரே தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். பின்னை வெளியே தள்ளுவது பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்த விளையாட்டு. தள்ளின பின்னை எங்கே சொருக வேண்டும் என்று நாம் தினமும் காட்டிக் கொடுக்கிறோம். வீட்டில் இது இருந்தால் பெரியவர்கள் கையெட்டும் உயரத்தில் வையுங்கள். பிள்ளைக்கென்று வாங்காதீர்கள்.

போன் சார்ஜரில் போடுகிற டார்ச் அதைவிடத் தேவலை. அதற்குள் இருப்பது லித்தியம் செல். பெரும்பாலும் 18650, அதாவது 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். இதில் செல் வெளியே எடுக்க வராத மாதிரி மூடியிருப்பதைத்தான் பிள்ளைகளுக்கு வாங்க வேண்டும். திருகித் திறந்து செல்லைக் கையில் எடுக்கிற ரகம் வேண்டாம். தனியாக எடுத்த அந்தச் செல் சாவிக்கொத்து, சில்லறை இருக்கிற பையில் விழுந்து இரண்டு முனையும் ஒட்டிக்கொண்டால் சூடேறித் தீப்பிடிக்கும். செல்லின் கொள்ளளவு 9900 எம்ஏஎச் என்று மேலே எழுதியிருந்தால் அது பச்சைப் பொய். நல்ல கம்பெனி 18650-யே 3600-ஐ ஒட்டித்தான் நிற்கும். மேலே பொய் எழுதுகிறவன் உள்ளே பாதுகாப்பு சர்க்யூட் வைத்திருப்பான் என்று நம்ப எனக்கு மனசு வரவில்லை. சார்ஜ் போடும்போது தரையில் அல்லது மேஜையில் வையுங்கள், மெத்தையில் வேண்டாம். ராத்திரி முழுக்க விடாதீர்கள். டார்ச்சின் உடம்பு உப்பியிருந்தாலோ இனிப்பு வாசம் மாதிரி ஏதாவது வந்தாலோ அன்றோடு அதன் ஆயுசு முடிந்தது.

அப்போ என்னதான் வாங்குவது என்று கேட்பீர்கள். மூன்று வயது வரைக்கும் எதுவும் வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன், வியாபாரம் போனாலும் பரவாயில்லை. அதற்கு மேல், சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் ஏஏ செல் இரண்டு போடுகிற பிளாஸ்டிக் டார்ச், மூடியில் ஸ்க்ரூ உள்ளது. ரிமோட்டுக்குப் போடும் ஏஏஏ செல் இன்னும் ஒல்லி, அதையும் முழுங்கின பிள்ளைகள் உண்டு என்பதால் எனக்கு ஏஏதான் இஷ்டம். கிராமத்தில் தோட்டத்துக்குப் போகிற பத்து வயதுப் பையன் என்றால் பழைய இரண்டு கட்டை டார்ச்சே நல்லது. அந்தக் கட்டை யார் வாய்க்குள்ளும் போகாது. வெளிச்சம் ரொம்பக் கேட்காதீர்கள். தெருக்கோடி வரைக்கும் அடிக்கிற லைட்டைப் பிள்ளை முதலில் தம்பி கண்ணில்தான் அடித்துப் பார்க்கும். லேசர் லைட் கேட்டால் என் கடையில் இல்லை.

செல் போடுவது பெரியவர் வேலை. இரண்டையும் ஒரே நாளில், ஒரே கம்பெனி, ஒரே ரகமாக மாற்றுங்கள். ஒன்று புதிது ஒன்று பழசு என்றால், புதிது பழசை அதன் சக்திக்கு மேல் இழுக்கும், பழசு ஒழுகும். சாதா செல்லின் துத்தநாக உறைதான் அதன் மைனஸ். எரிய எரிய அந்த உறையே கரைந்து மெலிகிறது. அதனால் தீர்ந்த செல்லை டார்ச்சுக்குள் விட்டு வைப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் வைப்பது மாதிரி. லீவு முடிந்து டார்ச் பரணுக்குப் போகிறது என்றால் செல்லைக் கழற்றிவிட்டுப் போடுங்கள். ஒழுகி வெள்ளையாகப் பூத்திருந்தால் பிள்ளையைத் தொட விடாதீர்கள். சாதா செல் என்றால் ஆப்ப சோடா கரைத்த தண்ணீரிலும், ஆல்கலைன் என்றால் எலுமிச்சைச் சாறிலும் பஞ்சைத் தொட்டுத் துடைக்கலாம். ஒன்று அமிலம், ஒன்று காரம், அதனால்தான் மருந்தும் மாறுகிறது. கையில் பட்டால் இரண்டுக்குமே நிறையத் தண்ணீர்தான்.

கடைசியாக, கழற்றின பட்டன் செல். மேஜை மேல் வைத்துவிட்டு, புதுசைப் போட்டுவிட்டு, அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்பார்கள். அந்த 'அப்புறம்' தான் ஆபத்து. கழற்றின கையோடு இரண்டு பக்கமும் செலோ டேப் ஒட்டுங்கள். கையில் இருக்கும்போதே ஒட்ட வேண்டும், புது செல்லை எடுப்பதற்கு முன்னால். புது செல்லும் கத்திரிக்கோலால் வெட்டுகிற மாதிரி அட்டையில் அடைத்ததாக இருக்கட்டும், பிதுக்கினால் வந்துவிடும் மாத்திரை அட்டை மாதிரி வேண்டாம். குப்பைத் தொட்டியில் போடாமல் சேர்த்து வைத்தால், மின்கழிவு எடுக்கிறவர்களிடம் கொடுத்துவிடலாம்.

என் கல்லாவுக்குக் கீழே ஒரு பழைய ஊறுகாய் ஜாடி இருக்கிறது, மூடி போட்டது. தெருக்காரர்கள் டேப் ஒட்டின செல்லைக் கொண்டுவந்து அதில் போடுகிறார்கள். என் அண்ணன் மகன் இப்போது ரெண்டாம் கிளாஸ் படிக்கிறான். போன வாரம் கடைக்கு வந்தவன் ஒரு செல்லைப் போட்டுவிட்டு, "அத்தை, டேப்பு சரியா ஒட்டலைன்னு அம்மாவ ரெண்டு தடவ ஒட்ட வச்சேன்" என்றான். டேப் ஒட்டினதில் செல்லே தெரியவில்லை.